உருக்கக் கொடுப்பதற்கு முன்: பழைய பிரெஞ்சு வெள்ளியின் முத்திரைகளைப் படிப்பது எப்படி?

சென்னையில் பழைய வெள்ளி வீட்டைவிட்டு வெளியேறும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். பாகப்பிரிவினையோ வீடு மாற்றமோ வரும்போது பீரோவின் அடித்தட்டிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. சௌகார்பேட்டையிலோ தியாகராய நகரிலோ ஒரு தராசில் ஏறுகிறது. கழிவு போக இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லப்படுகிறது. பிறகு மூசைக்குப் போய் உருகிவிடுகிறது. நம் ஊர்க் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் அப்படிப் போவதைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அதே மூட்டையில் சில சமயம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறையில் செய்த காபிக் குடுவையோ ஒரு கட்டு முள்கரண்டியோ கலந்திருக்கிறது. அதன் மேலிருக்கும் கடுகளவு முத்திரையை யாரும் படிக்காததாலேயே அது கலப்பு வெள்ளி என்ற பெயரில் எடைக்குப் போகிறது. இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அந்த முத்திரையைப் படிப்பது எட்டாத வித்தை அன்று. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றும், நல்ல வெளிச்சமும், சில வடிவங்களைப் பற்றிய அறிவும் போதும்.

பிரெஞ்சு வெள்ளி நம் ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை அருகிலேயே இருக்கிறது. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அங்கிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் பலர் அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்கும் இந்தோசீனாவின் மற்ற ஊர்களுக்கும் அரசாங்க வேலைக்குச் சென்றார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பியபோது அங்கே பழகிய மேசை வழக்கங்களையும் அதற்குரிய பாத்திரங்களையும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்புக்கும் வேலைக்குமாகச் சென்னைக்கு வந்து தங்கியதில் அந்தப் பெட்டிகளும் உடன் வந்தன. ஊரைவிட்டுப் போன ஐரோப்பியக் குடும்பங்களின் சாமான்கள் ஏலத்துக்கு வந்ததில் நம் வீடுகளுக்குள் நுழைந்தவையும் உண்டு.

பிரெஞ்சு முத்திரைகளைப் படிக்கத் தொடங்குமுன் அவை எதற்காகப் பதிக்கப்பட்டன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் வெள்ளியின் மாற்றை, அதாவது தூய்மை அளவை, சோதித்து முத்திரையிடும் அரசாங்க நிலையம் எதுவும் இருக்கவில்லை. சாமி உருவங்கள் புடைத்த வெள்ளிப் பாத்திரங்களுக்குப் புகழ்பெற்ற நம் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரையே பொறித்தன. வாங்குகிறவர் அந்தப் பெயரை நம்பி வாங்கினார். பிரான்சில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே வெள்ளிச் சாமான் வரிக்கு உட்பட்டது. அரசாங்க நிலையத்தில் மாற்றுப் பார்த்து, வரி கட்டி, முத்திரை பெற்ற பிறகே அது விற்பனைக்கு வர முடியும். ஆகவே உண்மையான பிரெஞ்சு வெள்ளியில் பட்டறைக்காரரின் முத்திரை ஒன்றும் அரசின் முத்திரை ஒன்றுமாகக் குறைந்தது இரண்டையாவது எதிர்பார்க்கலாம். ஒன்று மட்டும் இருந்தாலோ, இரண்டும் இல்லாமல் பிரெஞ்சு என்று ஒருவர் சொன்னாலோ, அங்கேயே நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முத்திரைக்குள் இருக்கும் படத்தைத் தேடிக்கொண்டு முதலில் போகாதீர்கள் என்பதுதான் நான் யாருக்கும் சொல்லும் முதல் வார்த்தை. படம் தேய்ந்துபோயிருக்கும், எழுத்து பாதி அழிந்திருக்கும். ஆனால் அந்தப் படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் வெளிக்கோடு பெரும்பாலும் பிழைத்திருக்கும், அதுவே அதிகமான செய்தியைச் சொல்லும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1797 நவம்பரில் வந்த அரசுச் சட்டத்திலிருந்து, கெட்டி வெள்ளி செய்யும் பட்டறைக்காரரின் முத்திரை சாய்சதுர வடிவத்தில்தான் இருக்கிறது. நிமிர்ந்தும் இருக்கலாம், படுத்தும் இருக்கலாம். உள்ளே அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அவற்றுக்கு நடுவே அவருக்கே உரிய ஒரு சின்னமும் இருக்கும். வெள்ளி முலாம் பூசிய சாமான் செய்தவருக்கோ நேரான சதுரச் சட்டம். சாய்சதுரமா சதுரமா என்ற இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முலாம் என்றதும் சென்னையில் அடிக்கடி கண்ணில் படுவது கிறிஸ்டோஃப்ல் என்ற பெயர். சார்ல் கிறிஸ்டோஃப்ல் 1830இல் தொடங்கிய இந்நிறுவனம், 1840களின் தொடக்கத்தில் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கான உரிமையை வாங்கி, அதைப் பிரான்சின் நடுத்தரக் குடும்பங்களின் மேசைவரை கொண்டுபோனது. இதன் முலாம் கரண்டிகளில் தராசுச் சின்னமும், சில சமயம் முழுப்பெயரும், கூடவே 84 என்ற எண்ணும் இருப்பதைப் பார்க்கலாம். இந்த 84 பலரை ஏமாற்றியிருக்கிறது. பழைய ரஷ்ய வெள்ளியில் 84 என்றால் ஆயிரத்துக்கு 875 பங்கு தூய வெள்ளி என்று பொருள். அதைப் படித்தவர்கள் இதையும் கெட்டி வெள்ளி என்று எண்ணிவிடுகிறார்கள். கிறிஸ்டோஃப்லின் 84 என்பது, ஒரு டஜன் கரண்டியும் ஒரு டஜன் முள்கரண்டியும் சேர்ந்த 24 உருப்படிகளின் மேல் படிந்துள்ள வெள்ளியின் மொத்த எடை 84 கிராம் என்பதைச் சொல்கிறது. ஓர் உருப்படிக்கு மூன்றரைக் கிராம். இதனால் அந்தக் கரண்டிகள் மதிப்பற்றவை என்று ஆகிவிடாது. அழகான வேலைப்பாடு உள்ளவற்றை மேசையில் பயன்படுத்துவதற்காகவே விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் எடைக்கு விற்கக்கூடிய பொருள் அவை அல்ல. அதே நிறுவனம் கெட்டி வெள்ளியிலும் செய்திருப்பதால், பெயரைப் பார்த்ததும் முலாம் என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. அப்போதும் அரசு முத்திரை இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்த அரசு முத்திரைகளில் நாம் அதிகம் சந்திக்கப்போவது மினர்வாவின் தலை. 1838 மே மாதத்திலிருந்து பயன்பாட்டில் உள்ளது. தலைக்கவசம் அணிந்து வலப்பக்கம் பார்க்கும் பெண்முகம். ரோமானியர்களின் போர்த் தெய்வம், அறிவுத் தெய்வமும் அவளே. முதல் தர வெள்ளிக்கு, அதாவது பழைய பொருள்களில் ஆயிரத்துக்கு 950 பங்குக்கு, முத்திரையின் சட்டம் எண்கோணம். நெற்றிக்கு எதிரே 1 என்ற எண் இருக்கும். இரண்டாம் தரம் 800 பங்கு. அதற்குச் சட்டம் பக்கங்கள் வளைந்த பீப்பாய் வடிவம், 2 என்ற எண் மோவாய்க்குக் கீழே இருக்கும். எண் தேய்ந்துபோனாலும் சட்டத்தின் மூலைகளை எண்ணியே தரத்தைச் சொல்லிவிடலாம் என்பதற்காகவே இப்படி வகுத்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவ்வளவு சிந்தித்துச் செய்த ஏற்பாடு இது. முதல் தரமான 950, ஆங்கிலேயரின் ஸ்டெர்லிங் வெள்ளியின் 925ஐவிடத் தூய்மையானது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் அயல்நாட்டு வெள்ளி என்றாலே கலப்பு மிகுந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த முத்திரையைப் பொறுத்தவரை அது சரியில்லை.

பெண்முகம் கண்டதெல்லாம் மினர்வா ஆகிவிடாது. ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசு 1867 முதல் தன் வெள்ளிக்கு ரோமானிய வேட்டைத் தெய்வமான டயானாவின் தலையைப் பதித்தது. அதுவும் வலப்பக்கம் பார்க்கும் முகம்தான், அதிலும் எண் உண்டு. ஆனால் டயானாவுக்குத் தலைக்கவசம் கிடையாது. நெற்றிக்கு மேல் பிறை இருக்கும். எண்களின் கணக்கும் வேறு: அங்கே 1 என்றால் 950, 2 என்றால் 900, 3 என்றால் 800, 4 என்றால் 750. ஒரே 2, பிரான்சில் 800, ஆஸ்திரியாவில் 900. ரஷ்யாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பாரம்பரியத் தலையணி அணிந்த பெண்முகம் பதிக்கப்பட்டது. லென்ஸின் கீழே தலைக்கவசமா, பிறையா, தலையணியா என்று பிரித்தறியாமல் எண்ணை மட்டும் படிப்பது நாட்டையும் மாற்றையும் ஒருசேரப் பிழையாக்கிவிடும்.

பெரிய முத்திரையைத் தாங்க இடமில்லாத சிறு உருப்படிகளுக்கு வேறு முத்திரைகள் உண்டு. பாரிஸில் காட்டுப்பன்றித் தலை, மற்ற மாவட்டங்களில் நண்டு. இவை குறைந்தது 800 பங்கு என்பதற்கு மட்டுமே உறுதி தருகின்றன. பொருள் 950 ஆகவும் இருக்கலாம், ஆனால் முத்திரை அதைச் சொல்வதில்லை. உப்புக் கரண்டி, சர்க்கரை இடுக்கி, சிமிழ் போன்றவற்றில் இவற்றைத் தேடுங்கள். காட்டுப்பன்றி முத்திரை 1838இல் தொடங்கி 1962 வரை வழங்கியது. ஆகவே அது இருந்தால் அந்தப் பொருள் அதற்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது.

அன்னப்பறவை முத்திரையைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டை வடிவச் சட்டத்துக்குள் அன்னம் இருந்தால் அது பிரெஞ்சு வெள்ளி என்று விற்கப்படுவதைக் காண்கிறேன். 1893இலிருந்து, எங்கே செய்யப்பட்டது என்று தெரியாத, பிரான்சின் விற்பனைக்குள் வந்துசேர்ந்த பொருள்களுக்கு இட்ட முத்திரை அது. பொருள் வெள்ளிதான், குறைந்தபட்ச மாற்றும் உறுதி. ஆனால் செய்த இடம் ஜெர்மனியாகவோ ஹாலந்தாகவோ வேறெங்காவதோ இருக்கலாம். கூன்வண்டு முத்திரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பொருளுக்கு. நேர்மாறாக, இறக்கை முளைத்த தொப்பியோடு மெர்க்குரி தெய்வத்தின் தலை இருந்தால் அது பிரான்சில் செய்து ஏற்றுமதிக்கென்று ஒதுக்கியது. வெளிநாடு போன பொருள் என்பதால் நம் ஊர்ப் பெட்டிகளிலும் அதை எதிர்பார்க்கலாம்.

இனி, எனக்கு இந்த முத்திரை முறையிலேயே மிகவும் பிடித்த பகுதி. போலி முத்திரை அடிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர்களைத் தடுக்க 1819இல் பிரெஞ்சு அரசு ஓர் அருமையான வழியைக் கண்டது. முத்திரை அடிக்கும்போது பொருளுக்குக் கீழே வைக்கும் பட்டடையின் முகத்தையே நுணுக்கமாகச் செதுக்கிவிட்டார்கள். வண்டுகள், பூச்சிகள், அவற்றின் கால்கள், உணர்கொம்புகள் என்று வரிவரியாகச் செதுக்கிய பட்டடை. பிகோர்ன் என்று அதற்குப் பெயர். மேலிருந்து மினர்வாவை அடித்தால் அதே அடியின் வேகத்தில் கீழிருந்து ஒரு பூச்சியின் துண்டு எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும். மேல் முத்திரையைப் பார்த்துப் போலி அச்சு வெட்டுபவன், பட்டடை முழுவதையும் அதே நுணுக்கத்தோடு வெட்டினாலொழிய அகப்பட்டுக்கொள்வான்.

கையில் பிரெஞ்சுக் கரண்டி ஒன்று இருந்தால் இப்போதே பார்க்கலாம். காம்பில் மினர்வா எங்கே இருக்கிறாளோ, அதற்கு நேர் மறுபக்கத்தை விளக்கொளி சாய்வாக விழும்படி பிடித்து, லென்ஸை மெல்ல நகர்த்துங்கள். முதலில் கீறல் போலத்தான் தெரியும். பிறகு அந்தக் கீறல்கள் ஒழுங்கான குறுக்குக் கோடுகள் என்பதும், அவற்றுக்கு நடுவே ஒரு வண்டின் முதுகோ மடங்கிய காலோ இருப்பதும் புலப்படும். பலகாலம் தேய்த்துக் கழுவிய கரண்டியில் அது மங்கியிருக்கும். முழுப் பூச்சியை எதிர்பார்க்க வேண்டாம், துண்டு போதும். மாறாக, மினர்வா மட்டும் துல்லியமாக இருந்து மறுபக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் கரண்டியை அச்சாக வைத்து வார்த்த போலிகளில் முத்திரையின் ஓரங்கள் மழுங்கி, உள்ளே ஊசிமுனை போன்ற சிறு குழிகள் தெரியும். அடித்த முத்திரையின் ஓரமோ கூர்மையாக, உலோகம் சற்று நெரிந்து ஒதுங்கியதாக இருக்கும்.

1838க்கு முந்தைய பொருள்கள் நம் ஊரில் அரிது என்றாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். 1798 முதல் 1819 வரை மாற்றைக் குறித்தது சேவல். அதன் நிற்கும் கோலம் 1809இல் மாறியது. 1819 முதல் 1838 வரை பாரிஸில் தாடி வைத்த முதியவரின் தலை. இந்தக் காலத்தில் மாற்றுக்கு ஒரு முத்திரையும் வரிக்கு வேறொரு முத்திரையும் தனித்தனியாக இட்டார்கள். 1838இல் மினர்வா இரண்டு பொறுப்பையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டாள்.

புரட்சிக்கு முந்தைய முடியாட்சிக் காலமோ தனி உலகம். ஒரே பாத்திரத்தில் நான்கு முத்திரைகள்: மேலே முடி தாங்கிய பட்டறைக்காரரின் முத்திரை; பாத்திரம் முற்றுப்பெறாத நிலையிலேயே வரிக் கணக்கில் ஏற்றியதற்கான முத்திரை; பொற்கொல்லர் சங்கத்தார் மாற்றுப் பார்த்து இட்ட, ஆண்டுதோறும் மாறும் எழுத்து முத்திரை; வேலை முடிந்து வரி கட்டியதும் இட்ட சிறிய விடுவிப்பு முத்திரை. வரி முத்திரைகள் இரண்டும் 1672இல் பதினான்காம் லூயி காலத்தில் வந்தவை. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மாறும்போது அவையும் மாறும். ஒவ்வோர் ஊரின் வரி முத்திரையிலும் பெரும்பாலும் அவ்வூர் நாணயச்சாலைக்குரிய எழுத்து இருக்கும். பாரிஸுக்கு ஏ, லியோனுக்கு டி. இப்படி நான்கும் தெளிவாக உள்ள பாத்திரத்தைச் சில ஆண்டுகளுக்குள், சில சமயம் ஒரே ஆண்டுக்குள், காலம் கணித்துவிட முடியும்.

அவை இன்று ஏன் இத்தனை அரிதாகவும் விலையுயர்ந்தும் இருக்கின்றன என்றால், பிரெஞ்சு அரசர்களே அவற்றை உருக்கினார்கள் என்பதுதான் காரணம். போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி 1689இல் வெர்சாய் அரண்மனையின் வெள்ளி நாற்காலி மேசைகளையே நாணயச்சாலைக்கு அனுப்பினார். 1709இல் மறுபடியும் அழைப்பு வந்தது. ஏழாண்டுப் போரின்போது 1759இல் பதினைந்தாம் லூயியும் அதையே செய்தார். மிஞ்சியதில் பெரும்பகுதியைப் புரட்சி விழுங்கியது. பாரிஸில் செய்த மிகச் சிறந்த பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளியைப் பார்க்க இன்று லிஸ்பனுக்குப் போக வேண்டியிருக்கிறது: 1755 நிலநடுக்கத்துக்குப் பின் போர்த்துகல் அரசர் பாரிஸ் வெள்ளிப் பட்டறைக்காரர் ஃபிரான்சுவா தோமா ஜெர்மேனிடம் செய்யச் சொன்ன பாத்திரங்கள், பிரான்சுக்கு வெளியே இருந்த காரணத்தாலேயே தப்பித்தன. அரிதானவை என்பதாலேயே இக்காலத்து முத்திரைகளில் மோசடியும் அதிகம். ஒரு சிறு கரண்டியிலிருந்து முத்திரைகள் உள்ள துண்டை வெட்டி, பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவது பழைய தந்திரம். குளிர்சாதன அறையில் சற்று நேரம் வைத்த பாத்திரத்தின்மீது வாயால் மெல்ல ஊதினால், படியும் ஆவியில் பற்றவைத்த கோடு ஒரு கணம் தனித்துத் தெரியும்.

மினர்வா ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக வழக்கில் இருப்பதால் அவளை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. வயதைச் சொல்வது பட்டறைக்காரரின் சாய்சதுரம். ஒவ்வொரு பட்டறைக்காரரும் தம் முத்திரையை அரசு நிலையத்தில் பதிவு செய்தார். தொழிலை விட்டபோதோ இறந்தபோதோ அது ரத்தானது. ஆகவே எழுத்துகளையும் சின்னத்தையும் அடையாளம் கண்டுவிட்டால் முன்னெல்லையும் பின்னெல்லையும் ஒருங்கே கிடைத்துவிடும். எழுத்தைவிடச் சின்னத்தையே நம்புங்கள், ஏனெனில் ஒரே முதலெழுத்து கொண்டவர்கள் பலர் இருந்தார்கள். ஈ, பி என்ற எழுத்துகளோடு ஒரு பேனாக்கத்தி இருந்தால் அது பாரிஸ் பட்டறைக்காரர் எமீல் புய்ஃபோர்காவின் முத்திரை. கத்தி இல்லாத ஈ, பி வேறு யாரோ ஒருவர்.

மயிலாப்பூரில் என் சித்தி வீட்டில் இருந்த காபிக் குடுவை ஒன்றை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். சித்தப்பாவின் தாத்தா சைகோனில் வேலை பார்த்தவர். குடுவையைக் கடையில் காட்டியபோது, "நம்ம முத்திரை எதுவும் இல்லையேம்மா, நூத்துக்கு எழுபதுன்னு போட்டுக்கலாம்" என்று சொன்னார்களாம். சித்தி அதைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "நீ பார்த்துட்டுச் சொல்லும்மா, அப்புறம் கொடுக்கிறதைப் பத்தி யோசிக்கலாம்" என்றார்.

பேரிக்காய் வடிவ உடல், மூன்று கால்கள், உடலைச் சுற்றித் திருகிச் செல்லும் வரிகள், கருங்காலிக் கைப்பிடி. பதினைந்தாம் லூயி காலத்துப் பாணி, ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பாணியை மறுபடியும் விரும்பிச் செய்தார்கள் என்பதால் பாணியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. விளிம்பில், கைப்பிடிக்குப் பக்கத்தில் எண்கோணச் சட்டத்துக்குள் மினர்வா. மூடியின் உள்விளிம்பில் இன்னொரு மினர்வா. மூடி தனி உருப்படி என்பதால் அதற்கும் தனி முத்திரை வேண்டும், அது இல்லாவிட்டால் மூடி பிற்காலத்தில் மாற்றியது என்று ஐயுற வேண்டும். அடிப்பாகத்தில் நிமிர்ந்த சாய்சதுரம். மூடியின் குமிழை உள்ளிருந்து பிடித்திருக்கும் திருகாணி வெள்ளி. அதன் தலையில், மிளகைவிடச் சிறிய இடத்தில், ஒரு காட்டுப்பன்றித் தலை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு திருகாணியை எடுத்து அதற்கும் மாற்றுப் பார்த்து முத்திரையிட்ட அந்த நிலையத்தாரின் கடமையுணர்வை நினைத்தால் எனக்கு மரியாதை மேலிடுகிறது. அந்தப் பன்றித்தலையே பாரிஸ் என்ற ஊரையும் சொல்லிவிட்டது.

கைப்பிடி நீங்கலாக ஏறக்குறைய 600 கிராம். எழுபது சதவீதம் என்றால் 420 கிராம் தூய வெள்ளிக்குக் கணக்கு. 950 பங்கு என்றால் 570 கிராம். வேலைப்பாட்டின் மதிப்பை விட்டுவிட்டாலும், முத்திரையைப் படிக்காத ஒரே காரணத்தால் 150 கிராம் வெள்ளி கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும்.

இந்த இடத்தில் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது பல கடைகளில் எக்ஸ்ரே கதிரால் மாற்றுப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. பொருளுக்குச் சேதமில்லாமல் விடை தருவதால் அதையே நாடுங்கள். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. தடித்த முலாம் பூசிய பொருளும் அதற்கு வெள்ளியாகவே தெரியும். தங்க முலாம் பூசிய வெள்ளியில் கணக்கு குழம்பும். ஆகவே முத்திரையும் இயந்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் முறை. அரத்தால் தேய்த்து உரைகல்லில் பார்க்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நகைக்கு உரைகல் நல்ல கருவி. செதுக்கு வேலையுள்ள பழைய பாத்திரத்தில் அரம் பட்ட இடம் திரும்ப வராது.

மதிப்பிடும்போது எடை வெறும் அடித்தளம்தான். அதன்மேல் ஏறுபவை பட்டறையின் பெயர், காலம், வடிவம், நிலை ஆகியவை. எடையிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மேசைக்கத்திகளின் பிடி உள்ளீடற்ற மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே அரக்கு போன்ற பசை நிரப்பியிருக்கும், அலகு எஃகாக இருக்கும். அவற்றை மற்றவற்றோடு தராசில் சேர்ப்பது சரியான கணக்காகாது. கரண்டிகளில் கிண்ணத்தின் நுனியையும் முள்கரண்டியில் முட்களின் நீளத்தையும் பாருங்கள். தேய்ந்து குட்டையானவை விலை குறையும். பன்னிரண்டும் முழுமையாக ஒரே பட்டறையின் முத்திரையோடு இருந்தால் கட்டின் மதிப்பு தனி உருப்படிகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம். அதனால்தான் பாகம் பிரிக்கையில் ஆளுக்கு மூன்று என்று பங்கிடுவதைக் கண்டால் மனம் பதைக்கிறது.

பெயரெழுத்துச் செதுக்கு இருப்பது குறையா என்று கேட்கிறார்கள். பிரெஞ்சு வழக்கப்படி முள்கரண்டியை முட்கள் கீழ்நோக்க மேசையில் வைப்பதால் எழுத்தைப் பின்புறத்தில் செதுக்குவார்கள். பின்புறத்து எழுத்து பிரெஞ்சு மேசைக்கே உரிய அடையாளம். அதை அழிக்க முற்படுவதுதான் பெருங்குறை. அழித்த இடத்தில் உலோகம் மெலிந்து, விரலால் தடவினாலே பள்ளம் தெரியும். வாங்குபவர் அதை உடனே கண்டுகொள்வார். சித்தி வீட்டுக் குடுவையில் எழுத்து அப்படியே இருந்தது, ஆனால் கைப்பிடியின் ஆணி தளர்ந்திருந்தது. அத்தகைய பழுதை ஈயப் பற்று வைத்துச் சரிசெய்வதைவிடப் பழுதோடு விட்டுவைப்பது நல்லது. வெள்ளியில் ஈயம் பட்டால் பிறகு தேர்ந்த பத்தர்கூடச் சுத்தமாக நீக்கச் சிரமப்படுவார்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: நம் பழக்கப்படி திருநீற்றால் துலக்குவது குத்துவிளக்குக்குச் சரி, முத்திரையுள்ள பழைய வெள்ளிக்கு வேண்டாம். ஒவ்வொரு துலக்கலும் மினர்வாவின் முகத்தைச் சிறிது எடுத்துக்கொண்டு போகிறது. வெந்நீரும் மென்மையான சோப்பும் பருத்தித் துணியும் போதும். கரண்டிகளை ரப்பர் பேண்டால் கட்டிவைக்காதீர்கள்; ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுத்த வளையமாகப் பதிந்துவிடும். நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்கு, அமிலமில்லாத தாளில் சுற்றி மூடிய பெட்டியில் வைப்பது நல்லது.

விற்க நினைப்பவர்கள் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். குடுவைகளில் கைப்பிடி சூடாகாமலிருக்க இடையே வெள்ளை வளையம் வைத்திருப்பார்கள்; அது யானைத் தந்தமாக இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே வாங்கவோ விற்கவோ முடியாது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டம் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை செய்கிறது. ஆகவே பாரிஸ் ஏலத்தில் நல்ல விலை போகும் என்று யாராவது சொன்னாலும், பொருளை அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. போகும்போது முத்திரைகள் ஒவ்வொன்றையும் அதன் மறுபக்கத்தையும் நெருக்கமாக எடுத்த படங்களும், கைப்பிடி நீங்கிய எடையும், எந்த முத்திரை எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும். உள்ளூரிலேயே விற்பதானாலும் வாங்குபவரிடம் முதலில் நீட்ட வேண்டியவை அந்தப் படங்களும் அந்தக் குறிப்பும்தான். தராசு அதற்குப் பிறகு வரட்டும்.